இரண்டாவது மெஷின்

போன மாதம் உங்கள் பயிற்சி வகுப்பில் பேச என்னை அழைத்திருந்தீர்கள். ஓய்வு பெற்றவனை நினைவு வைத்துக் கூப்பிட்டதற்கு நன்றி. அறையில் நீங்கள் இருபத்து மூன்று பேர். மேசைமேல் கடையில் வாங்கிய தண்ணீர் பாட்டில்கள் இருபத்தொன்று. கிராமம் கிராமமாகக் குடிநீர் மெஷின் வைக்கப் போகிறவர்கள் வீட்டுத் தண்ணீரைக் கொண்டுவரக் கூடாதா என்று அங்கேயே கேட்க நினைத்தேன். வந்ததும் வராததுமாகக் கிழவன் குறை சொல்கிறான் என்பீர்களே என்று அடக்கிக்கொண்டேன். இதோ, இப்போது சொல்லியாயிற்று. எதைப் பார்த்தாலும் எண்ணிவிடுகிற பழக்கம் எனக்கு. என் மனைவி இருந்தவரை அதற்காகத் திட்டிக்கொண்டே இருந்தாள்.

கடைசி வரிசையில் இருந்த ஒரு பெண் கேட்டார்: "ஒரு ஊர்ல மெஷின் நல்லா ஓடுது, கூட்டம் அதிகமாயிடுச்சுன்னா அதே ஊர்ல இன்னொண்ணு வைக்கலாமா சார்?" குடும்பம் எத்தனை, ஒரு குடும்பத்துக்கு எத்தனை லிட்டர், மெஷின் மணிக்கு எத்தனை லிட்டர் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். எல்லாரும் எழுதிக்கொண்டீர்கள். கணக்கு சரிதான். ஆனால் அந்தக் கேள்விக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது வேறு. திருத்தணி பஸ்ஸில் வீடு திரும்பும் வழியெல்லாம் அது என்னை அரித்துக்கொண்டே வந்தது. அதனால் எழுதுகிறேன்.

திருத்தணியிலிருந்து ஆந்திர எல்லைப் பக்கம் போகிற சாலையில் அந்த ஊர் இருக்கிறது. பெயர் வேண்டாம், இதில் வருகிறவர்கள் எல்லாரும் அங்கேயே வாழ்கிறார்கள். ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம், நடுவில் ஒரு சிறு பாலம். கீழே ஓடை என்று பெயர், ஓடிப் பார்த்தவர் யாரும் இல்லை. நிலத்தடித் தண்ணீர் முழுக்க உப்பு. பருப்பு வேகாது, டீ திரிந்துபோகும், பிள்ளைகளின் பல்லில் மஞ்சள் கறை. ஊர் வீடுகளில் நூற்றுப்பத்துக் குடும்பம், காலனியில் அறுபத்து நான்கு. தனியார் வண்டியில் கேன் வந்துகொண்டிருந்தது. ஊரில் பாதிப் பேர் வாங்கினார்கள். காலனியில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் மட்டும் வாங்கினார்கள்.

ஐந்து இடத்தில் போர் போட்டுப் பார்த்தோம். ஓரளவு தண்ணீர் நின்றது ஒரே இடத்தில்தான். பாலத்தைத் தாண்டி, சாலையோரம், காலனி எல்லைக்குள். அங்கே அறை கட்டி மெஷினை வைத்தோம். நடத்தும் பொறுப்பைக் காலனி மகளிர் குழு எடுத்துக்கொண்டது. குழுவின் தலைவி எஸ்தர். நாலு தலைமுறையாகச் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். அப்போது அவளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். உரக்கப் பேசுவாள், அதைவிட உரக்கச் சிரிப்பாள். கேன் வண்டிக்காரன் வாங்குவதில் ஆறில் ஒரு பங்குதான் எங்கள் விலை.

அந்த விலையில் மெஷின் ஓட வேண்டுமானால் நாளொன்றுக்கு நூற்றிருபது குடமாவது விற்க வேண்டும். கரண்ட், வடிகட்டி, உப்பைப் பிரிக்கிற மெம்பரேனை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது எல்லாம் அதில்தான். காலனி மட்டும் வந்தால் ஐம்பதைத் தாண்டாது. ஊரும் வந்தால்தான் மெஷின் தாக்குப்பிடிக்கும். ஒரு வருடம் பார்ப்பது, தன் காலில் நிற்காவிட்டால் மெஷினைக் கழற்றி வேறு ஊருக்குக் கொண்டுபோவது என்பது எங்கள் நிறுவனத்தின் விதி. எஸ்தர் அதைப் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டாள்.

ஊர் வரவில்லை.

கேட்டால் ருசி இல்லை என்றார்கள். நானும் ருசியைச் சரிசெய்யக் கிளம்பினேன். உப்பளவைக் கொஞ்சம் ஏற்றுவேன், குறைப்பேன், மீட்டரைப் பார்ப்பேன். ஒரு நாள் எஸ்தர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா சார், ரசமா வெக்கிறீங்க? உப்பக் கூட்டிகினு கொறச்சிகினு இருக்கீங்க."

"ருசி இல்லைன்னு சொல்றாங்களேம்மா."

"ஒரு சொட்டு வாயில வெச்சாங்களா, ருசி தெரியறதுக்கு?"

நானும் இந்தப் பக்கத்து ஆள்தான். அவள் சொன்னது எனக்குத் தெரியாததல்ல. மீட்டரைப் பெட்டியில் வைத்தேன்.

என்னை இந்த வேலைக்குப் பழக்கிய மூத்த பொறியாளர் ஒருவர் இருந்தார். நிலையத்துக்கு வந்தால் உள்ளே நுழைய மாட்டார். எதிரே டீக்கடையில் உட்கார்ந்து வரிசையைப் பார்ப்பார். யார் யாருக்குப் பின்னால் நிற்கிறார்கள், யார் யாருடைய குடத்தைத் தூக்கிவிடுகிறார்கள். "மெஷின் கெட்டா ஆள் வந்து சொல்லுவான். வரிசை கெட்டா எவனும் சொல்ல மாட்டான்யா" என்பார். அவர் பாதி நாள் டீக்கடையில் உட்காருவதற்காகச் சொல்கிறார் என்று அப்போது நினைத்தேன்.

ஆடிக் கிருத்திகை வந்தது. உங்களில் வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: அன்று திருத்தணி முருகனுக்குக் காவடி எடுத்து ஜனம் நாலு பக்கத்துச் சாலைகளிலும் வெள்ளமாக வரும். நகரி, புத்தூர் பக்கத்திலிருந்து தெலுங்கு பேசுகிறவர்கள் எங்கள் சாலையில் நடந்தே வருவார்கள். வழியிலுள்ள ஊர்கள் பந்தல் போட்டு மோரும் தண்ணீரும் கொடுக்கும். காவடிக்காரர் காலில் தண்ணீர் ஊற்றுவார்கள். அந்த ஊர்ப் பந்தல் மூன்று தலைமுறையாக நடக்கிறது. நடத்துகிறவர் முன்னாள் ஊராட்சித் தலைவர். ஊரில் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவர் 'நைனா'.

அந்த வருடம் போலீஸ் சாலையில் வண்டிகளை விடவில்லை. பந்தலுக்குக் கேன் கொண்டுவர வேண்டிய வண்டி எங்கோ மறிக்கப்பட்டு நின்றுவிட்டது. பந்தலின் பெரிய டேங்க் பத்து மணிக்கே காலி. ஆடி மாதம் என்று பெயர், வெயில் சித்திரை மாதிரி. நான் மெஷின் அறையில் இருந்தேன். எங்கள் டேங்க் நிறைந்திருந்தது. நைனா இரண்டு ஆட்களோடு வந்தார். பாலத்தைத் தாண்டினார், அறைக்கு முன்னால் இருக்கிற சிமெண்டு மேடையில் மட்டும் ஏறவில்லை. சாலையிலேயே நின்றார்.

"எஸ்தரு, ஓஸ் பைப்பு போட்டு நம்ம பந்தல் டேங்குல தண்ணிய வுடு. எவ்ளோ ஆவுதோ வாங்கிக்க."

"சாமி காரியத்துக்குக் காசு இன்னாத்துக்குங்க. குடத்த எடுத்துகினு வரச் சொல்லுங்க, புடிச்சித் தரேன்."

"ஓஸு இருக்கில்ல?"

"இருக்குதுங்க."

"அப்புறம் குடம் எதுக்கு?"

"இவ்ளோ நாளா குடம் வரலியேன்னுதாங்க கேக்கறேன்."

கூட வந்த ஆள் ஒருவன், "நம்ம பொம்பளைங்க இங்க வரமாட்டாங்கன்னு உனக்குத் தெரியாதா?" என்றான்.

"தெரியும். அப்ப எங்க பொம்பளைங்க தூக்கிகினு வந்து பந்தல்ல ஊத்தட்டுமா? அதுவும் வேணாமா?"

நைனா என் பக்கம் திரும்பினார். "சாரு, நீங்க படிச்சவரு. ஜனம் தாகத்துல வருது. நீங்க சொல்லுங்க."

அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. சென்னையிலிருந்து மேலாளர். பணம் கொடுக்கிற நிறுவனத்தார் அன்று கோயிலுக்கு வந்திருந்தார்களாம், திரும்பும்போது எங்கள் நிலையத்தைப் பார்ப்பார்களாம். நிலைமையைச் சொன்னேன். "ஓஸ் போட்டு விட்டுடுங்க சார். பந்தல்ல நம்ம பேனர் ஒண்ணு கட்டுங்க. மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்" என்றார்.

முப்பது மீட்டர் ஓஸ் இரண்டு சுருள், அறையின் மூலையில் இருந்தது. இணைத்தால் பந்தல்வரை எட்டும். போட்டுவிட்டால் வருகிறவர்கள் குடிப்பார்கள். நாளையிலிருந்து ஊருக்கும் அந்த ஓஸே போகும். பிறகு அதுவே நிரந்தரக் குழாயாகும். நூற்றிருபது குடம் விற்றுவிடும், மெஷின் பிழைக்கும். ஆனால் எஸ்தர் முன்னால் ஒருவரும் வந்து நிற்க மாட்டார்கள். போடாவிட்டால் தாகத்தோடு வருகிற ஜனத்தை வைத்துப் பேரம் பேசினோம் என்று ஆகும். அதுவும் உண்மைதான். இரண்டு பக்கமும் எடை போட்டுப் பார்த்தேன், தட்டு நிற்கவே இல்லை.

கடைசியில் சொன்னேன்: "மெஷின் குழுவுடையதுங்க. நான் ரிப்பேர் பாக்கிறவன். தலைவி அங்க நிக்கிறாங்க." இதில் தைரியம் எதுவும் இல்லை. போனைச் சட்டைப்பையில் போடுகிற சாக்கில் நைனாவின் முகத்தைப் பார்க்காமல் தப்பினேன். எஸ்தர் என்னைப் பார்த்த பார்வையில் நன்றி இருந்ததா, இப்படி என் தலையில் கட்டிவிட்டாயே என்ற கோபம் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அப்போதுதான் ஆந்திரா பக்கமிருந்து அரோகரா சத்தம் கேட்டது. அந்தப் பக்கமிருந்து வந்தால் முதலில் காலனி, பிறகு பாலம், பிறகுதான் பந்தல். முன்னால் வந்தவர் தடித்த ஆள், புஷ்பக் காவடி. தார்ச்சாலை சுட்டதால் குதிகாலைத் தூக்கித் தூக்கி நடந்தார். மெஷின் அறையின் சுவரில் நீலத்தில் குடம் வரைந்திருந்ததைப் பார்த்துவிட்டார். ஊர் எது, காலனி எது என்று அவருக்கு என்ன தெரியும். நேராக மேடையில் ஏறினார்.

"அம்மா, நீள்ளு?"

எஸ்தருக்குத் தெலுங்கு வரும், தண்ணீர் கேட்கிறார் என்று புரிந்தது. ஆனாலும் அவள் சொம்பை எடுக்கவில்லை. நைனாவும் ஆட்களும் பத்தடியில் நிற்கிறார்கள். விரதம் இருக்கிறவருக்கு நாளைக்கு ஏதாவது ஆனால் யார் தலையில் விழும்? "ஐயா, நாங்க சர்ச்சுக்குப் போறவங்க. பந்தலு அங்க இருக்குது" என்று அவருக்குப் புரிகிற மாதிரி தமிழும் தெலுங்குமாகச் சொன்னாள்.

அவர் தோளிலிருந்த காவடியை மாற்றிக்கொண்டே, "நேனு கொண்டக்குப் போறவன். ரெண்டு பேருக்கும் வெயிலு ஒண்ணுதானம்மா. பொய்யி, பொய்யி" என்றார். கொண்ட என்றால் மலை; பொய்யி, ஊற்று என்கிறார்.

கோயிலில் இறக்கும்வரை காவடியைத் தரையில் வைக்கக் கூடாது. கை இரண்டும் அதைப் பிடித்திருக்கின்றன. தம்ளரை நீட்டி ஒதுங்கிக்கொள்ள வழியில்லை. யாராவது கிட்டே நின்று வாயில் ஊற்றித்தான் ஆக வேண்டும். அவர் தலையை அண்ணாந்தார். எஸ்தர் ஒரு படி மேலே ஏறி நின்று சொம்பைச் சாய்த்தாள். அவர் தொண்டை ஏறி இறங்கியதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முழுச் சொம்பு. பிறகு காலைக் காட்டினார். இன்னொரு சொம்பு எடுத்து இரண்டு பாதங்களிலும் ஊற்றினாள். சிமெண்டிலிருந்து ஆவி வந்தது.

பின்னால் வந்தவர்கள் எல்லாரும் மேடைக்குத் திரும்பிவிட்டார்கள். முன்னால் போகிறவர் எங்கே குடிக்கிறாரோ அங்கேதான் மற்றவர்களும் குடிப்பார்கள். காலனிப் பெண்கள் ஓடிவந்தார்கள், வீட்டிலிருந்த சொம்பெல்லாம் வந்தது. நாற்பத்தொன்று வரை எண்ணினேன். யாரோ என் கையிலும் ஒரு சொம்பைத் திணித்தார்கள். அதற்கப்புறம் எண்ணவில்லை. எத்தனை பேர் என்று இன்று கேட்டாலும் சொல்லத் தெரியாது.

பந்தலில் ஆள் இல்லை. மோர்ப் பானைகள் வரிசையாக நின்றன, கலக்கத் தண்ணீர் இல்லை. கொஞ்ச நேரத்தில் பாலத்தின்மேல் ஒரு பெண் பித்தளைக் குடத்தோடு வந்தார். அறுபது வயதுக்கு மேலிருக்கும். நைனாவின் மனைவி. கணவரைத் தாண்டி வந்து மேடையில் ஏறினார்.

"புடி எஸ்தரு. மோரு கெட்டியா கெடக்குது."

நைனா, "ஏய், எங்க போற?" என்றார்.

"ஆங், போறேன். மூணு தலமொறப் பந்தலு இந்த வருசத்தோட காலின்னு ஊரு சொல்லட்டுமா? நீ அங்கியே நின்னு காவல் காத்துகினு இரு."

எஸ்தர் குடத்தை நிரப்பி, தூக்கி அவர் இடுப்பில் வைத்தாள். அவருக்குப் பின்னால் வந்த குடங்களை எண்ணினேன், பழக்கம் திரும்பிவிட்டது. பதினான்கு. பணம் கொடுக்கிறவர்கள் வந்தார்களா என்றால், இல்லை. வண்டியை விடாததால் வேறு வழியாகச் சென்னைக்குத் திரும்பிவிட்டார்கள்.

மறுநாள் விடிவதற்கு முன்பே போய் எதிர்த் திட்டில் உட்கார்ந்தேன். திருவிழா முடிந்த பிறகு யார் வருகிறார்கள் என்பதுதானே கேள்வி. ஐந்து பேர் வந்தார்கள். நைனாவின் மனைவி முதலில். அந்த வாரம் ஒன்பது, பொங்கலுக்குள் ஐம்பத்தாறு குடும்பம். சில வீடுகளுக்கு இரண்டு குடம், ஆக நாளொன்றுக்கு நூற்றிருபதைத் தாண்டி மெஷின் தன் காலில் நின்றது.

சண்டை வராமல் இல்லை. ஊர்ப் பெண்கள் சிலர் குடத்தை நேராக முன்னால் கொண்டுபோய் வைப்பார்கள். எஸ்தர் அதை எடுத்துக் கடைசியில் வைப்பாள். "இன்னாடி இது, என் குடத்த நீ தொடறே?" "தண்ணியே நான்தாம்மா ஊத்தறேன், குடத்துல இன்னா இருக்குது?" இப்படி. ஆனால் வரிசை ஒன்றே. எந்தப் பிள்ளைக்குப் பல் முளைத்தது, எவன் வட்டிக்கு விடுகிறான், சர்க்கரை நோய்க்கு எந்த டாக்டர், எல்லாம் அதே வரிசையில். நைனாவின் மனைவி வாயைத் திறந்தால் மூடமாட்டார். எஸ்தரும் அப்படித்தான். இரண்டு பேரும் பேசினால் குடம் வழியும். தண்ணீரை வீணாக்காதீர்கள் என்று கத்துவேன். "சாரு வந்துட்டாரு, சொட்டு எண்ண" என்பார்கள்.

இரண்டரை வருடம் அப்படி இருந்தது. முப்பத்தொரு ஊர்களில் மெஷின் வைத்திருக்கிறேன். எந்த ஊரையும் இப்படி நினைத்துக்கொள்வதில்லை. இப்போதும் காலை நேரத்தில் வீட்டுக் குழாயடியில் நாலு குடம் மோதினால் அந்த ஊருக்குப் போய்விடுகிறேன்.

பிறகு நமக்குப் பெரிய நிதி வந்தது, விரிவாக்கத்துக்கு. எத்தனை நிலையம் என்பதுதான் கேள்வி. அதே நேரம் ஊரிலிருந்து ஒரு மனு வந்தது. கூட்டம் அதிகம், வயதானவர்கள் பாலம் தாண்டி வர முடியவில்லை, ஊருக்குள் இன்னொரு மெஷின் வேண்டும். ஒவ்வொரு சொல்லும் உண்மை. கூட்டம் அதிகம்தான். நைனாவின் மனைவிக்கு முட்டி வலி. காலனி போரிலிருந்து பூமிக்கடியில் குழாய் எடுத்துக்கொண்டால் தண்ணீருக்கும் குறைவில்லை.

வேண்டாம் என்று மேலாளரிடம் சொன்னேன். வரிசை உடைந்துவிடும் என்றேன். அவர் கெட்டவர் இல்லை. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், ஜனம் தண்ணீர் கேட்கிறது. கிட்டத்தில் கொடுக்க முடியும். கொடுக்க வேண்டாம் என்று நான் எந்தக் காரணம் எழுதுவது?" என்றார். முட்டி வலிக்கிற கிழவியை வரிசைக்காக நடக்கவைக்க நான் யார்?

எஸ்தரிடம் போய்க் கேட்டேன். குழு எதிர்த்தால் நிறுத்த வழி இருந்தது. வடிகட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அவங்க வாசல்ல தண்ணி வரும்போது வேணாம்னு என்னைச் சொல்லச் சொல்றீங்களா சார்? தண்ணி இல்லன்னு சொல்றது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். என் வாயால வராது."

"குழுவுக்கு விற்பனை குறையும்."

"கொறையும்." வடிகட்டியை உதறினாள். "அந்தம்மா வாய்தான் சார். அது இல்லாம காலைல எனக்குப் பொழுது எப்படிப் போவும்னு தெரியல."

இரண்டாவது மெஷின் வந்தது. நைனாவின் மனைவி நான்கு மாதம் வரை பாலம் தாண்டி வந்துகொண்டிருந்தார். "அந்தத் தண்ணி சப்புன்னு இருக்குது" என்று காரணம் சொன்னார். இரண்டும் ஒரே போர், ஒரே வகை மெம்பரேன் என்று எனக்குத் தெரியும், நான் வாயைத் திறக்கவில்லை. பிறகு முட்டி விடவில்லை. எஸ்தரின் மெஷின் இப்போது மானியத்தில் ஓடுகிறது, காலையில் ஒரு மணி நேரம். நம் ஆண்டறிக்கையில் அந்த ஊருக்கு நேரே 'நிலையங்கள்: இரண்டு, இரண்டும் இயங்குகின்றன' என்று இருக்கும். பொய் இல்லை. பிள்ளைகளின் பல் வெளுத்திருக்கிறது. அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்று வைக்காதீர்கள் என்று உங்களிடம் சொல்ல எனக்கு உரிமை இல்லை. மனு வந்தால் மீட்டரையும் வரைபடத்தையும் எடுக்கும் முன் அந்த ஊரில் ஒரு காலைப் பொழுது உட்காருங்கள். வரிசையில் யாருக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். இரண்டாவது மெஷின் வந்த பிறகு யார் யாரைப் பார்க்காமலே நாள் போகும் என்று இரண்டு பக்கத்திலும் கேளுங்கள். பிறகு வையுங்கள், அல்லது இருக்கிற மெஷினைப் பெரிதாக்குங்கள். நான் ஒருவரைத்தான் கேட்டேன். அவள் மறுக்க முடியாதவள்.

உங்கள் வகுப்பு முடிந்த மறுவாரம் அந்த ஊருக்குப் போனேன். பஸ் ஊருக்குள் நின்றது. நல்ல வெயில். கையிலிருந்த பாட்டில் காலி. புது மெஷின் எதிரிலேயே இருந்தது. சுத்தமாக வைத்திருக்கிறார்கள், குறை சொல்ல முடியவில்லை. நடுவயதுப் பெண் ஒருவர் உட்கார்ந்திருந்தார். என்னை அவருக்குத் தெரியாது. பாட்டிலை நீட்டினேன், வாங்கிக்கொண்டார்.

"தண்ணிக் கார்டு இருக்குதா பெரியவரே?"

"இல்லம்மா. திருத்தணியிலிருந்து வரேன்."

"ஆங், பரவால்ல. யாரு வீட்டுக்கு வந்திருக்கீங்க?"

"எஸ்தரைப் பார்க்க வந்தேன்."

அவர் கை சுவிட்சுக்குப் போனது, அங்கேயே நின்றது. முகத்தில் கோபமோ வெறுப்போ இல்லை. வழி தெரியாமல் வந்த வயதானவருக்கு வழி காட்டுகிற முகம்தான். பாலத்தின் பக்கம் கையை நீட்டி, மெதுவாகச் சொன்னார்:

"அங்கியும் மெஷினு ஓடுதேங்க."

ஒரே மெஷின் இருந்த நாளில் அந்தப் பதிலைச் சொல்ல யாருக்கும் வழி இருந்ததில்லை. காலிப் பாட்டிலை வாங்கிக்கொண்டு பாலத்தை நோக்கி நடந்தேன்.